‘ஜீஜி’ படத்தின் ட்ரூவில் கடற்கரை விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1958-இல் வந்த ‘ஜீஜி’ என்ற ஹாலிவுட் இசைப் படத்தில், ஒரு பாட்டியும் பேத்தியும் குடும்ப நண்பன் ஒருவனோடு கடற்கரை ஊருக்குப் போய்வருவார்கள். வாரக் கடைசிச் சுற்றுலா, அவ்வளவுதான். படத்தில் அது சில நிமிடங்களே வரும். ஆனால் யாருக்குப் போட்டுக் காட்டினாலும் கேள்விகள் அந்தச் சில நிமிடங்களைச் சுற்றியே வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் இதில் இருக்கிறது. தெரியக் கூடாது என்பவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

முதலில், படத்தின் கதை என்ன?

1900-ஆம் ஆண்டு பாரிஸ். ஜீஜி பள்ளிக்கூடம் போகும் பெண். வளர்ப்பது பாட்டி, பேத்திக்கு அவர் ‘மாமீத்தா’. அம்மா ஓபெரா-கொமீக் அரங்கில் பாடுகிறவர், ஆனால் படத்தில் அவர் முகமே வராது. பக்கத்து அறையில் சாதகம் செய்யும் குரல் மட்டும் கேட்கும், யாராவது கதவைச் சாத்துவார்கள்.

இந்தக் குடும்பத்துப் பெண்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை. பணக்காரர்களின் ஆசைநாயகிகளாக வாழ்வதே அவர்கள் வழக்கம். ஜீஜியையும் அதற்குத்தான் தயார் செய்கிறார்கள். பாட்டியின் சகோதரி அலிசியா அந்த வாழ்க்கையில் கொடிகட்டிப் பறந்தவர். அவரிடம் பாடம்: ஒர்தோலான் என்ற சின்னஞ்சிறு பறவையை எப்படி நாகரிகமாக எலும்போடு சாப்பிடுவது, காபியை எப்படிச் சிந்தாமல் ஊற்றுவது, ஆணுக்கு நல்ல சுருட்டு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது. நகைப் பாடமும் உண்டு. ஒரு மஞ்சள் கல்லைப் பார்த்து ஜீஜி ‘புஷ்பராகம்’ என்றதும், என் நகைப்பெட்டியில் புஷ்பராகமா என்று அந்தக் கிழவி பதறுவதைப் பார்க்க வேண்டும். அது மஞ்சள் வைரமாம்.

காஸ்தோன் லஷாய் சர்க்கரைத் தொழில் குடும்பத்து வாரிசு. பணம் கொட்டிக் கிடக்கிறது, எல்லாமே அலுப்பு. இதற்காகவே அவனுக்கு ஒரு பாட்டும் இருக்கிறது: பெரியப்பா ஒனோரே பாரிஸின் அழகுகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இவன் ‘அலுப்பு, அலுப்பு’ என்றே பதில் பாடுவான். அவன் அலுப்பில்லாமல் உட்காரும் ஒரே இடம் மாமீத்தாவின் வீடு. பாட்டி சமைத்ததைச் சாப்பிடலாம், ஜீஜியோடு சீட்டாடலாம். அவன் கண்ணுக்கு அவள் சின்னப் பெண், விளையாட்டுத் தோழி.

ட்ரூவிலுக்கு எப்படிக் கிளம்புகிறார்கள்?

காஸ்தோனின் காதலி லியான், பனிச்சறுக்கு ஆசிரியன் ஒருவனோடு பழகுகிறாள். காஸ்தோன் அதை ஊரறியப் போட்டு உடைக்கிறான். அவள் தற்கொலை முயற்சி என்று ஒரு நாடகம் ஆடுகிறாள். அந்தச் சமூகத்தில் அதுவும் ஒரு சடங்கு, விஷம் போதிய அளவு இருக்காது. மனமுடைந்தவன் என்று ஊர் நினைத்துவிடக் கூடாதே என்று காஸ்தோன் விருந்து மேல் விருந்தாக நடத்துகிறான். கடைசியில் அதுவும் சலித்து, எங்கேயாவது கடல் பக்கம் போய்விடலாம் என்று நினைக்கிறான்.

அதற்குமுன் மாமீத்தா வீட்டில் ஒரு ஆட்டம் சீட்டு. ஜீஜி பந்தயம் கட்டுகிறாள்: நான் ஜெயித்தால் என்னையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஜெயிக்கிறாள். உடனே ஷாம்பெயின் திறக்கிறார்கள். பாட்டி, பேத்தி, கோடீஸ்வரன் மூன்று பேரும் அந்தச் சிவப்புச் சுவர் வைத்த நெருக்கமான அறையில் பாடி ஆடுகிறார்கள். கோடீஸ்வரனின் பிரமாண்டமான விருந்துகளில் ஒருவர் முகத்திலும் இல்லாத சந்தோஷம் இந்த மூன்று பேரிடம் இருக்கும். ரயில் ஏறுவதற்கு முன்பே விடுமுறை ஆரம்பித்துவிட்டது.

கடற்கரையில் அப்படி என்னதான் நடக்கிறது?

கதை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஜீஜி டென்னிஸ் ஆடுகிறாள். ஆடத் தெரியாது, ஆனால் ஓட்டத்துக்கும் துள்ளலுக்கும் குறைவில்லை. கழுதைச் சவாரி உண்டு. காஸ்தோன் சிரிக்கிறான். படம் ஆரம்பித்ததிலிருந்து அவன் இப்படிச் சிரித்ததே இல்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கும்.

எனக்கு இங்கே பிடித்த விஷயம் ஒன்று. அலிசியா சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுகூட ட்ரூவிலில் பயன்படவில்லை. சுருட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, அளவாக நடக்கவில்லை, நகையை எடை போடவில்லை. சுற்றிலும் அதையெல்லாம் கரைத்துக் குடித்த பெண்கள் கலையாத தொப்பியோடு நிற்கிறார்கள். காஸ்தோனின் கண் இந்தத் தெரியாத பெண்மேலேயே இருக்கிறது. காதல் என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை; அவர்களுக்கே அது இன்னும் தெரியாது.

அந்த வயதானவர்கள் இருவரும் பாடும் பாட்டு?

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். சொல்கிறேன்.

ட்ரூவிலுக்கு ஒனோரேயும் வந்திருக்கிறார், வழக்கம்போல ஓர் இளம்பெண்ணைத் துரத்திக்கொண்டு. அங்கே மாமீத்தாவைப் பார்த்துவிடுகிறார். இருவரும் இளமையில் காதலித்தவர்கள். மாலை நேரம், மாடத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறார்கள். ஒனோரே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார்: உன்மேல் இருந்த காதல் முற்றிப்போய் எனக்குக் கல்யாண ஆசையே வந்துவிட்டது, பயந்துபோனேன், தப்பிக்க ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது, அதனால்தான் அந்தப் பாடகியிடம் போனேன். துரோகத்துக்கு இவ்வளவு இனிமையான சாக்கை நான் கேட்டதில்லை என்கிற மாதிரி மாமீத்தா பதில் சொல்கிறார். வசனமே பாட்டுக்குப் பாதி தூரம் வந்துவிடுகிறது.

அப்புறம் பாட்டு, ‘ஐ ரிமெம்பர் இட் வெல்’. கடைசியாகச் சேர்ந்திருந்த இரவை ஒனோரே நினைவுகூர்கிறார். ஒன்பது மணிக்குச் சந்தித்தோம் என்கிறார். எட்டு மணி என்கிறார் மாமீத்தா. சரியான நேரத்துக்கு வந்தேன் என்றால், இல்லை, தாமதம். நண்பர்களோடு சாப்பிட்டோம் என்றால், இல்லை, தனியாக. ஏப்ரல் நிலவு என்கிறார். அன்றைக்கு நிலவும் இல்லை, மாதமும் ஜூன். நீ பொன்னிற உடை அணிந்திருந்தாய் என்கிறார்; நீலம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு, ஆமாம் ஆமாம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் தலையாட்டுகிறார் ஒனோரே.

முதலில் சிரிப்பு வரும். பாதியில், யாருக்கு அந்த இரவு அச்சு மாறாமல் நினைவிருக்கிறது என்று யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். அவருக்கு அது பல இரவுகளில் ஒன்று. அவளுக்கோ மணி, கிழமை, உடையின் நிறம் எல்லாம் அப்படியே இருக்கிறது. கடைசியில், எனக்கு வயதாகிவிட்டதோ என்று அவர் கேட்கிறார். இத்தனை வரி திருத்திய பெண், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ‘இல்லவே இல்லை’ என்று பொய் சொல்கிறார். பின்னால் வானம் மெல்லச் சிவந்து இருண்டுகொண்டே போகிறது.

எங்கள் வீட்டில் இதைப் போட்டபோது பெரியம்மா, “உங்க பெரியப்பாவும் இப்படித்தான். பெண் பார்க்க வந்த அன்னிக்கு நான் பச்சைப் புடவை கட்டியிருந்தேன்னு சத்தியம் பண்ணுவார். அது மாம்பழ மஞ்சள்” என்றார். பெரியப்பா பச்சைதான் என்று கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை.

பாடிய இருவரின் வயதும் இதில் சேர்த்தி. ஒனோரேயாக நடித்த மொரிஸ் செவாலியே 1888-இல் பிறந்தவர், படப்பிடிப்பின்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மாமீத்தாவாக நடித்த ஹெர்மியோன் கிங்கோல்ட் 1897-இல் பிறந்தவர், அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஒப்பனையால் வந்த முதுமை இல்லை அது.

அந்தப் பாட்டு இந்தப் படத்துக்காகவே எழுதப்பட்டதா?

இந்த வடிவம் இந்தப் படத்துக்கானது. பாடலும் திரைக்கதையும் ஆலன் ஜே லெர்னர், இசை ஃபிரெடெரிக் லோ. ஆனால் ஆண் தப்பாகச் சொல்ல, பெண் திருத்த என்ற யோசனை லெர்னருக்குப் பத்து வருடம் பழையது. 1948-இல் குர்ட் வைல் இசையில் அவர் எழுதிய ‘லவ் லைஃப்’ மேடை நாடகத்தில் இதே தலைப்பில், இதே எண்ணத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. நல்ல யோசனையைத் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை லெர்னர். ‘ஜீஜி’யின் பிற்பகுதியில், முதல் முறையாக காஸ்தோனோடு வெளியே கிளம்பும் முன் ஜீஜி பயத்தோடு பாடும் பாட்டும் அப்படித்தான்: ‘மை ஃபேர் லேடி’ நாடகத்திலிருந்து வெட்டப்பட்டது.

உண்மையிலேயே ட்ரூவிலில் போய் எடுத்தார்களா?

இல்லை. பாரிஸ் காட்சிகளில் பல நிஜமான பாரிஸ். 1957 கோடையில் மாக்சிம் உணவகம், பூவா த புலோஞ் பூங்கா, பலே த கிளாஸ் பனிச்சறுக்கு அரங்கம் என்று அங்கேயே போய் எடுத்தார்கள். காஸ்தோனின் மாளிகையாக வருவது ஜாக்மார்-ஆந்த்ரே அருங்காட்சியகம். பிறகு படக்குழு அமெரிக்கா திரும்பியது. ட்ரூவில் உருவானது கலிஃபோர்னியாவில். நீங்கள் பார்ப்பது பிரான்சின் வடக்குக் கடல் இல்லை, பசிபிக் பெருங்கடல். அந்த மாலை வானமோ வானமே இல்லை, எம்.ஜி.எம். ஸ்டுடியோவுக்குள் தீட்டிய திரை, அதன்மேல் மாறிக்கொண்டே வரும் விளக்கொளி.

இதைச் சொன்னதும் சிலர் முகம் வாடிவிடுகிறது. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. அந்த இரவையே தப்புத் தப்பாக நினைவுகூரும் ஒருவருக்குப் பின்னால் வரைந்த வானம்தானே பொருத்தம்? இயக்குநர் வின்சென்ட் மினெல்லி சினிமாவுக்கு வருமுன் மேடை அலங்காரமும் உடை வடிவமைப்பும் செய்தவர். ஓவியத்தை முன்னால் வைத்துக்கொண்டு யோசிக்கிற ஆள். படத்தின் முகப்பு எழுத்துகளே அந்தக் காலக் கேலிச்சித்திரக்காரர் செம் வரைந்த படங்களோடுதான் வருகின்றன. ட்ரூவில் காட்சிகளைப் பார்த்தால் ஊஜேன் பூதேன் என்ற ஓவியரின் நினைவு வராமல் போகாது. உடைகளும் காட்சி வடிவமைப்பும் செசில் பீட்டன். கடற்கரையில் நிற்கும் ஒவ்வொரு தொப்பியும் அவர் கைவண்ணம்.

ஏன் ட்ரூவில்? வேறு கடற்கரை இல்லையா?

1900-இல் பாரிஸ்காரர்களிடம் ‘கடலுக்குப் போகிறேன்’ என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று அது. நார்மண்டிக் கரையில் இருக்கிறது, பாரிஸிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். மீனவர் ஊராக இருந்த இடத்தை முதலில் பிரபலமாக்கியவர்கள் ஓவியர்கள். 1820-களில் ஷார்ல் மோசேன் அங்கே வந்து வரைய ஆரம்பித்தார். 1836-இல் பதின்வயதுப் பையனாக அங்கே விடுமுறைக்கு வந்த எழுத்தாளர் ஃப்ளோபேர், எலிசா ஷ்லெசிங்கர் என்ற மணமான பெண்ணைக் கண்டு மனதைப் பறிகொடுத்தார். அந்த ஏக்கம் அவர் எழுத்தில் ஆயுள் முழுக்கத் தொடர்ந்தது. ஆக, ட்ரூவிலில் காதல் வருவது லெர்னர் கண்டுபிடித்த விஷயம் இல்லை.

ஊரின் தலையெழுத்தை மாற்றியது ரயில். 1863-இல் பாரிஸிலிருந்து நேர்ப் பாதை வந்தது. பக்கத்தில் தூக் என்ற சிற்றாறு ஓடுகிறது. அதன் மறுகரையில் இருந்த சதுப்பு நிலத்தை பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் தாய்க்கு வேறொருவர் மூலம் பிறந்த சகோதரரான மோர்னி பிரபு புது ஊராக்கத் தொடங்கியிருந்தார். அதுதான் டோவில். குடும்பங்கள் கோடை முழுக்க இந்தக் கரையில் தங்கும். வேலை உள்ள கணவன்மார் சனிக்கிழமை ரயில் பிடித்து வந்து, திங்கட்கிழமை திரும்புவார்கள். அதற்குக் ‘கணவன்மார் ரயில்’ என்றே பெயர். மற்ற நாட்களில் கரையில் என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் பாரிஸ் நாடகக்காரர்கள் பிழைத்தார்கள்.

மேலே சொன்ன பூதேன் பக்கத்து ஊரான ஓன்ஃப்ளரில் 1824-இல் பிறந்தவர். 1860-களில் இந்தக் கரையில் உட்கார்ந்திருந்த சீமாட்டிகளை வரைந்து தள்ளினார். முக்கால் படம் வானம், கீழே ஒரு கோடு போலக் குடைப் பாவாடைகள். 1870 கோடையில் ஓவியர் மோனே புது மனைவி கமீய்யோடு இங்கே வந்து தங்கினார். அப்போது கரையிலேயே உட்கார்ந்து வரைந்த ஒரு படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அந்த வண்ணப்பூச்சில் ட்ரூவில் மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. காற்று அடித்து விழுந்தவை. ஹாலிவுட்காரர்கள் ட்ரூவில் மணலை மிதிக்கவே இல்லை; லண்டனில் சுவரில் மாட்டிய படத்தில் அது இருக்கிறது.

அந்தக் காலத்தில் கடலில் எப்படிக் குளித்தார்கள்?

ரொம்பக் கஷ்டப்பட்டு. கடல் குளியல் முதலில் மருத்துவர் சொல்லிச் செய்த சிகிச்சை. பெண்கள் கம்பளித் துணியில் தைத்த மேல்சட்டையும் முழங்கால் வரை காற்சட்டையும் போட்டு இறங்குவார்கள். நனைந்தால் எடை என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். உடை மாற்றச் சக்கரம் வைத்த மரக்கூண்டுகள் இருந்தன, குதிரை இழுத்துத் தண்ணீர் ஓரத்தில் கொண்டுபோய் விடும். வெயில் பட்டுக் கறுத்துவிடக் கூடாது என்று கரையிலும் குடையும் தொப்பியும் விலகாது. டென்னிஸ் அப்போது புது மோகம்; இங்கிலாந்தில் 1874-இல்தான் அந்தப் புல்தரை ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதையும் தரை கூட்டும் பாவாடையோடும் இறுக்கிய உள்கச்சையோடும்தான் ஆடினார்கள். இத்தனையும் தெரிந்த பிறகு, ஜீஜி இஷ்டத்துக்கு ஓடுவதைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று தெரியும்.

திரும்பி வந்ததும் என்ன மாறுகிறது?

எல்லாமே. விடுமுறையின் செய்தி அலிசியாவின் காதுக்குப் போகிறது. அந்த அம்மாள் கணக்குப் போட்டுவிடுகிறார்: காஸ்தோன் விழுந்துவிட்டான், பாடத்தை வேகப்படுத்து. இரண்டு நாள் சும்மா விளையாடியதை ஒரு வியாபாரத்தின் முன்பணமாக மாற்றிவிடுகிறார்கள் இரண்டு கிழவிகளும். கடற்கரைக்குப் பிறகு இந்தக் காட்சி வயிற்றைப் பிசையும்.

கொஞ்ச நாள் வெளியூர் போய்த் திரும்பிய காஸ்தோன், ஜீஜியைப் பெரியவர்களின் வெள்ளை உடையில் பார்க்கிறான். கோபம் வருகிறது, ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. கத்திவிட்டு வெளியே போய்ப் பாரிஸ் முழுக்க நடந்துகொண்டே பாடும் அந்தத் தலைப்புப் பாட்டில்தான், அவள் இனிச் சின்னப் பெண் இல்லை என்று அவனுக்கு விளங்குகிறது. முதலில் ஊர் வழக்கப்படி ஆசைநாயகியாக வைத்துக்கொள்ளப் பேரம் பேசுகிறான். ஜீஜி மறுக்கிறாள், அப்புறம் இணங்குகிறாள். மாக்சிமுக்கு அழைத்துப் போகிறான். அங்கே அவள் எல்லாப் பாடத்தையும் பிசகாமல் ஒப்பிக்கிறாள்: காபி, சுருட்டு, நகை. ட்ரூவிலில் பார்த்த பெண்ணைக் காணவே காணோம். அவனால் தாங்க முடியவில்லை. நடு இரவில் அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து விடுகிறான், தெருவில் தனியாக அலைகிறான், திரும்பி வந்து மாமீத்தாவிடம் முறைப்படி பெண் கேட்கிறான்.

அதனால்தான் கடற்கரைக் காட்சியை ‘இடைச்செருகல்’ என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். மாக்சிமில் காஸ்தோன் எதை இழந்தான் என்று நமக்குத் தெரிய வேண்டுமானால், அதை முதலில் ட்ரூவிலில் காட்டியாக வேண்டும். ஒனோரே பயந்து ஓடிய அதே இடத்துக்குத்தான் காஸ்தோனும் வந்து நிற்கிறான். பெரியப்பா பாடகியிடம் போனார், இவன் மாமீத்தாவின் கதவைத் தட்டுகிறான்.

ஜீஜியாக நடித்த லெஸ்லி கரோனின் சொந்தக் குரலா பாடுகிறது?

பாட்டுக் குரல் பெட்டி வாண்ட் என்ற பாடகியுடையது. பின்னணிப் பாடகர்களோடு வளர்ந்த நமக்கு இது ஒரு விஷயமே இல்லை, ஆனால் ஹாலிவுட்டில் இதைச் சொல்லாமல் மறைத்துச் செய்வார்கள். லெஸ்லி கரோன் பாலே நடனக்காரர். 1951-இல் மினெல்லியின் ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ மூலம் சினிமாவுக்கு வந்தவர். 1956-இல் லண்டன் மேடையில் ஜீஜியாக நடித்த பழக்கமும் இருந்தது. படம் எடுக்கும்போது வயது 26. முதல் காட்சியில் பள்ளிச் சிறுமி போல ஓடிவரும்போது அது தெரியாது. நடனக்காரியின் உடம்பு, அவ்வளவுதான். செவாலியே, கிங்கோல்ட், காஸ்தோனாக நடித்த லூயி ஜூர்தான் மூவரும் சொந்தக் குரலில் பாடியவர்கள்.

மூலக்கதையிலும் ஒனோரே இருக்கிறாரா?

மூலம், பிரெஞ்சு எழுத்தாளர் கோலெட் 1944-இல் வெளியிட்ட குறுநாவல். எழுபதை நெருங்கும் வயதில், ஜெர்மானியர் பிடித்திருந்த பாரிஸில் இருந்துகொண்டு எழுதினார். அதில் ஒனோரே இல்லை. செவாலியேவுக்காக லெர்னர் வளர்த்தெடுத்த பாத்திரம் அது. அவரில்லாமல் அந்தி நேரப் பாட்டு ஏது? அது முழுக்கப் படத்தின் சொத்து.

கோலெட்டின் கதைக்குப் பின்னால் நிஜமான ஒரு ஜோடி உண்டு. யோலா என்ற இளம்பெண்ணை உறவுக்காரப் பெண்மணிகள் வளர்த்தார்கள். தன்னைவிட மிக மூத்த பத்திரிகை அதிபர் ஆன்ரி லெதெலியேவை அவள் மணந்தாள். லெதெலியே டோவிலின் மேயராகவும் இருந்தவர். ட்ரூவிலிலிருந்து ஆற்றைத் தாண்டினால் அவர் ஊர்.

இன்றைக்குப் பார்த்தால் நெருடவில்லையா?

நெருடுகிறது. படம் ஆரம்பித்ததுமே செவாலியே பூங்காவில் நின்று, சின்னப் பெண்கள் வளர்ந்து பெரியவர்களாவதைப் பற்றி மகிழ்ந்து ஒரு பாட்டு பாடுகிறார். எழுதிய காலத்தில் வெகுளித்தனமாக எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு நெளியாமல் கேட்க முடியாது. 2015-இல் பிராட்வேயில் மறுபடி மேடையேற்றியபோது அந்தப் பாட்டை ஒனோரேவிடமிருந்து பிடுங்கி மாமீத்தாவுக்கும் அலிசியாவுக்கும் கொடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு.

ஆசைநாயகி வியாபாரம் அன்றைக்கே பிரச்சினைதான். அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் இந்தக் கதையைப் படமாக்க விடவே தயங்கியது. கடைசியில் கல்யாணம்தானே ஜெயிக்கிறது, இது அந்த வாழ்க்கையைக் கண்டிக்கிற கதை என்று சொல்லித் தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் சம்மதம் வாங்கினார். என்னைக் கேட்டால் படம் கண்டிக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. அந்த இரண்டு கிழவிகளையும் அது ரொம்ப ரசிக்கிறது. காஸ்தோனின் வயது வித்தியாசமும் உறுத்தும். அதை மறைத்துப் படத்தைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

ஆஸ்கர் எத்தனை?

பரிந்துரை ஒன்பது, வென்றது ஒன்பது. சிறந்த படமும் இயக்கமும் அதில் அடக்கம். அதுவரை யாரும் இத்தனை வாங்கியதில்லை. அடுத்த வருடமே ‘பென்-ஹர்’ பதினொன்று வாங்கி முறியடித்தது. வேடிக்கை என்னவென்றால், நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. செவாலியேவுக்கு மட்டும் கௌரவ விருது தனியாகக் கொடுத்தார்கள். விழாவுக்கு மறுநாள் எம்.ஜி.எம். அலுவலகத் தொலைபேசியில் ‘எம்-ஜீஜி-எம்’ என்று சொல்லித்தான் பேச ஆரம்பித்தார்களாம்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

படம் 115 நிமிடம். கண்ணை மூடச் சொல்லும் காட்சி எதுவும் இல்லை. ஆனால் ‘அந்தப் பாட்டி எதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாங்க?’ என்ற கேள்வி வரும், பதிலோடு தயாராக இருங்கள். என் அக்கா மகளுக்கு ஒன்பது வயதில் பிடித்தது கழுதை மட்டும்தான்.

பாரிஸ் போகிறோம். ட்ரூவிலுக்கு ஒரு நாள் போய் வரலாமா?

தாராளமாக. பாரிஸ் சேன்-லசார் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இறங்கும் நிலையத்தின் பெயரே ‘ட்ரூவில்-டோவில்’. பாலத்தைக் கடந்தால் ட்ரூவில். டோவிலில் கடை, குதிரைப் பந்தயம், சினிமா நட்சத்திரங்கள். ட்ரூவிலில் ஆற்றோர மீன் சந்தை, சந்து சந்தான தெருக்கள், கரை ஓரமாக நடக்க மரப்பலகை பதித்த பாதை. அந்தப் பாதை 1867-இலிருந்தே இருக்கிறது. அதன் கோடியில் ரோஷ் நுவார் என்ற பழைய ஹோட்டல் கட்டடம் நிற்கும். மோனே வரைந்தது, எழுத்தாளர் ப்ரூஸ்ட் தங்கியது, பிற்பாடு இன்னொரு எழுத்தாளர் மார்கரித் துராஸ் 1963-இல் ஒரு வீடு வாங்கிக் குடியேறியது எல்லாம் அங்கேதான். உள்ளே போக முடியாது, குடியிருப்பாக்கிவிட்டார்கள்.

படத்தில் வரும் இடம் எது என்று அங்கே யாரிடமும் கேட்காதீர்கள், ஒன்றும் இல்லை. கடல் உள்வாங்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள், மணல் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். ஆகஸ்டிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும், காற்றும் அடிக்கும். ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.